ஹீட் பம்பில் ஒளித்து வைத்திருக்கும் கோடு

இங்கிலாந்துக் குளிருக்கு ஹீட் பம்ப் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: தாங்குகிறது. மில்டன் கீன்ஸில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரோரம் நிற்கும் 7 கிலோவாட் ஜெர்மன் இயந்திரம், வெளியே மைனஸ் 4 டிகிரி போன இரவுகளிலும் வீட்டை 20 டிகிரிக்குக் கீழே விடவில்லை. அதன் நீள அகலம், எடை, உள்ளே ஓடும் புரொப்பேன் வாயு எல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கின்றன. சத்தமும் குறை சொல்லும்படி இல்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால்தான் விசிறி சுற்றுவது காதில் விழும். எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. இந்த இயந்திரம் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிக்கிற ஒரே ஒரு அமைப்பை, காசு கொடுத்து வாங்கியவர் கண்ணில் படாத இடத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

கேஸ் பாய்லர் 60, 70 டிகிரித் தண்ணீரை ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். ஹீட் பம்புக்கு அந்த வேலை ஒத்துவராது. வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்கு ஏற்றுவதுதான் அது செய்வது. எவ்வளவு உயரம் ஏற்றச் சொல்கிறோமோ அவ்வளவு மின்சாரம் தின்னும். தண்ணீரின் சூட்டில் 1 டிகிரி குறைத்தால் மின்செலவில் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் மிச்சம். தரைக்கடி ஹீட்டிங் இதற்கு இவ்வளவு பொருந்துவது இதனால்தான். எங்கள் கீழ்த்தளம் முழுவதும் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 16 மில்லிமீட்டர் குழாயை வளைத்து வளைத்து ஓட்டி, மேலே சிமென்ட் பூச்சுப் போட்டு, டைல்ஸ் ஒட்டியிருக்கிறது. தரை மொத்தமும் ஒரே ரேடியேட்டர் ஆகிவிடுவதால் 30, 35 டிகிரித் தண்ணீரே போதும். மாடியில் பழைய ரேடியேட்டர்களைக் கழற்றிவிட்டு அகலமானவற்றை மாட்டினோம். படுக்கையறைகளுக்கு அதே வெதுவெதுப்பான தண்ணீர் போதுமானதாக இருக்கிறது.

மதுரையிலிருந்து வந்திருந்த மாமியார் முதல் நாளே காலால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாப்பிள்ளை, தரை சுடவே இல்லையே, மெஷின் ஓடுதா?"

"ஓடுதுங்க அத்தை. உங்களுக்குக் குளிருதா?"

"குளிரலை. ஆனா சுடலையே."

வீட்டுக்கு வருகிற பலரும் இதையே கேட்கிறார்கள். சுடக் கூடாது. கடுங்குளிர் நாளிலும் எங்கள் தரை 24, 25 டிகிரிதான். பாதத்தின் தோல் அதைவிடச் சூடானது, அதனால் கால் வைத்தால் சூடும் தெரியாது, சில்லென்றும் இருக்காது. வசிக்கும் அறைகளில் தரை 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. செருப்பை வாசலோடு விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கிற, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இந்த ஊரில் இல்லை என்று அடித்துச் சொல்வேன். முழங்கால் வலியோடு வந்த அத்தை, இரண்டாவது வாரத்திலிருந்து சோபாவை விட்டுவிட்டு ஜமக்காளத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு நல்ல இயந்திரத்தை எங்கள் வீட்டில் எப்படிக் கட்டிப்போட்டிருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்தால் மேனிஃபோல்டு தெரியும்: ஒவ்வொரு அறைக்கும் போகும் குழாய்கள், எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று காட்டும் சின்னக் கண்ணாடிக் குழல்கள், ஒரு ஓரத்தில் சிவப்புக் குமிழ் வைத்த மிக்ஸிங் வால்வு. நிறுவிய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஹீட் பம்பை எந்நேரமும் 50 டிகிரியில் ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே 10 டிகிரி இருந்தாலும் 50, மைனஸ் 4 இருந்தாலும் 50. அந்த 50 டிகிரித் தண்ணீர் அலமாரிக்கு வந்ததும், தரைக்கு ஆகாது என்று வால்வு அதில் குளிர்ந்த தண்ணீரைக் கலந்து 35-க்கு இறக்கும். வெளியே ஒரு இயந்திரம் பாடுபட்டு ஏற்றியதை உள்ளே ஒரு வால்வு இறக்கிக்கொண்டிருந்தது. மின்சாரத்துக்கான காசு மட்டும் முழுதாகப் போனது.

அதோடு அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட். ஒவ்வொன்றும் தன் அறை சூடானதும் தன் குழாயை மூடிவிடும். மூன்று அறைகள் மூடிக்கொண்டால் பம்ப் அனுப்பும் தண்ணீருக்குப் போக வழியில்லை, கம்ப்ரஸர் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் ஒரு அறை திறக்கும், மறுபடி கிளம்பும். நாள் முழுக்க இதே கதை. அடிக்கடி நின்று கிளம்புவது கம்ப்ரஸரின் ஆயுளுக்கும் கேடு.

பம்பின் கட்டுப்பாட்டுத் திரையில் அப்போது காட்டிய கணக்கு, 1 யூனிட் மின்சாரத்துக்கு 2.7 யூனிட் வெப்பம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிரிட்டனில் 1 யூனிட் மின்சாரம் கேஸைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. நல்ல கேஸ் பாய்லர் 100-க்கு 88 பங்கு வெப்பம் தரும் என்று வைத்துக்கொண்டால், ஹீட் பம்ப் 3.5-ஐத் தொட்டால்தான் பில் சமமாகும். 2.7-இல் ஓடுகிற பம்ப் மாதாமாதம் பணத்தைக் கரைக்கும். 'ஹீட் பம்ப் வைத்தேன், பில் ஏறிவிட்டது' என்று புலம்புகிறவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் பம்ப் மேல் குற்றமே இருக்காது என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் நான் சொன்ன அந்த அமைப்புக்கு 'ஹீட் கர்வ்' என்று பெயர். வெளியே எவ்வளவு குளிர் என்று பார்த்து, தண்ணீரை எவ்வளவு சூடாக்குவது என்பதை அந்த ஒரு கோடு முடிவு செய்யும். வெளியே 15 டிகிரி என்றால் 25 டிகிரித் தண்ணீர், 7 என்றால் 30, மைனஸ் 3 என்றால் 36. வீட்டுக்கு ஏற்றபடி இந்தக் கோட்டைச் சரியாக வைத்துவிட்டால் தெர்மோஸ்டாட்டே தேவையில்லை. ஆனால் அதைத் தொட வேண்டுமானால் திரையில் 'நிறுவுநர்' என்ற பகுதிக்குள் போக வேண்டும், அதற்கு ஒரு கடவு எண் வேண்டும், எண் கிடைத்து உள்ளே போனாலும் படம் கிடையாது. 0.6, 0.8, 1.2 என்று வெறும் எண்கள் நிற்கும். 0.6 என்றால் எத்தனை டிகிரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கைபேசிச் செயலியில் சூரியனும் மேகமும் அழகாக அசைகின்றன. தண்ணீர் இப்போது எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்ற ஒரு தகவலை முகப்பில் காணோம். காரின் முகப்பில் வேகமானி இல்லாவிட்டால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? இவ்வளவு நல்ல கம்ப்ரஸரைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு கோட்டை வரைந்து காட்டத் தெரியாதா?

இது ஒன்றும் புதுத் தொழில்நுட்பமும் இல்லை. 1945-லேயே நார்விச் நகரின் மின்பொறியாளர் ஜான் சம்னர், வென்சம் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுத்து நகர மின்துறைக் கட்டடத்தைச் சூடாக்கிக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகும் இந்த நாடு கேஸ் பாய்லர்களோடே வளர்ந்துவிட்டதால், ஹீட் பம்பையும் பாய்லர் மாதிரியே மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தகுதியுள்ள வீடுகளுக்கு இத்தகைய பம்ப் வைக்க அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. மக்கள் வரிப்பணம் அது. அதை வாங்கிக்கொண்டு 50 டிகிரியில் வைத்துவிட்டுப் போவதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியில் வேறொரு ஹீட்டிங் பொறியாளர் வந்தார். மிக்ஸிங் வால்வை முழுதாகத் திறந்துவிட்டார், தெர்மோஸ்டாட்களை எல்லாம் 23-க்கு ஏற்றி வழியை விட்டு ஒதுக்கினார், கோட்டை இறக்கினார். கடவு எண்ணையும் எங்களிடமே கொடுத்தார். அறை 21-க்கு மேல் போனால் கோட்டை ஒரு படி இறக்கு, 20-க்குக் கீழே போனால் ஒரு படி ஏற்று, மாற்றியதும் இரண்டு நாள் பொறு: இதுதான் அவர் சொல்லிக்கொடுத்த பாடம். தடித்த சிமென்ட் தரை சூடாகவும் ஆறவும் பல மணி நேரம் எடுக்கும், அதனால்தான் அந்தப் பொறுமை. இப்போது திரையில் 3.9-க்கும் 4.2-க்கும் நடுவில் காட்டுகிறது. பம்ப் மெதுவாக, நிற்காமல் ஓடுகிறது.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் வெயில் அடிக்கும்போது வீடு கொதிக்காதா என்று நானும் பயந்தேன். கொதிக்கவில்லை. தரை 23, அறை 20 என்றால் வித்தியாசம் 3 டிகிரி. கண்ணாடிக் கதவு வழியாக வெயில் வந்து அறை 21.5 ஆனால் வித்தியாசம் பாதியாகிவிடும், தரை தரும் வெப்பமும் தானாகப் பாதியாகிவிடும்.

மூடுபனி மூடிய 2 டிகிரிக் காலை ஒன்றில் வெளியே போய் நின்று பாருங்கள். பம்பின் பின்புறத் தகடுகளில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். விசிறி நிற்கும், உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், வால்வு திசை மாறும், தகடுகளிலிருந்து குபுகுபுவென ஆவி கிளம்பும். தீப்பிடித்துவிட்டதோ என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்திருக்கிறார். பனியை உருக்க வீட்டுத் தண்ணீரிலிருந்தே கொஞ்சம் வெப்பத்தைக் கடன் வாங்குகிறது; தரையில் அத்தனை டன் சிமென்ட் சூட்டைத் தேக்கி வைத்திருப்பதால் உள்ளே யாருக்கும் தெரிவதில்லை. உருகிய தண்ணீர் நடைபாதைக்கு ஓடினால் அங்கே உறைந்து வழுக்கும். பம்புக்குக் கீழே குழி தோண்டிச் சரளைக்கல் நிரப்பச் சொல்லிவிடுங்கள்.

சுடுதண்ணீர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொட்டி 48 டிகிரியில் இருக்கும், கிருமி வராமலிருக்க வாரம் ஒருமுறை 60-க்கு ஏறும். குளிக்கப் போதும்.

நம்மவர்கள் வீடுகளில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஹீட்டிங் போட்டு, மற்ற நேரம் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கும் பழக்கம் உண்டு. சிக்கனத்துக்காக வந்த பழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹீட் பம்பும் தரைக்கடி ஹீட்டிங்கும் இருக்கும் வீட்டில் அது எதிர்ப்பலன்தான் தரும். அணைத்துவிட்டுப் போனால், ஆறிய தரையை மாலையில் திரும்பச் சூடாக்க அதிகச் சூடான தண்ணீர் கேட்கும். பம்ப் அங்கேதான் திணறும். போட்டால் போட்டபடி விட்டுவிடுங்கள்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், விலைப்பட்டியலில் பம்பின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: வெளியே மைனஸ் 3 டிகிரி இருக்கும்போது தண்ணீர் எத்தனை டிகிரியில் ஓடும், ஹீட் கர்வை எந்த எண்ணில் வைக்கப்போகிறார்கள், நிறுவுநர் பகுதியின் கடவு எண் என்ன. தரைக்கடி ஹீட்டிங் வீட்டில் முதல் கேள்விக்கு 40-க்கு மேல் பதில் வந்தால் காரணம் கேளுங்கள். மூன்றையும் எழுதித் தர மறுக்கிறவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.