வகுப்பறையில் இசை, ஓவியம், கவிதை: இடையில் விடுபடும் பேச்சு

இசையைக் கேட்கச் செய்து, கேட்டதை ஓவியமாக வரையச் சொல்லி, வரைந்ததைக் கவிதையாக எழுதப் பணிக்கும் பயிற்சி இன்று ஆசிரியர்கள் பலரும் அறிந்த ஒன்றாகும். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக் கல்வியில் கலைகளுக்கு உரிய இடம் தரவேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கலையோடு ஒருங்கிணைந்த கற்றலை வலியுறுத்தியது. பெங்களூருவில் இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்னும் நிறுவனமும், 'கலி-கலிசு' (கற்றுக்கொள், கற்பி) என்னும் திட்டத்தின்வழிக் கர்நாடக அரசுப்பள்ளி ஆசிரியர்களையும் கலைஞர்களையும் கலைக்கல்வியில் ஈடுபடுத்தியுள்ளது. இம்முயற்சிகளின் தேவை குறித்து ஐயமில்லை. மேற்சுட்டிய மூன்று படிப் பயிற்சியின் மொழியியல் அடிப்படை மட்டும் ஆய்வுக்குரியது.

உரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பை மூவகைப்படுத்தினார். அவற்றுள் மூன்றாவது, மொழிக்குறிகளை மொழியல்லாத குறிகளால் பெயர்ப்பது. வகுப்பறைப் பயிற்சி இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது; மொழியல்லாத இரண்டைக் கடந்து மொழியை வந்தடைகிறது. ஓவியத்தில் உள்ள பொருள்கள் அப்படியே சொற்களாகிவிடும் என்னும் எண்ணம் இதில் மறைந்துள்ளது. அவ்வாறு எழுதப்படுவது பெரும்பாலும் மலை, ஆறு, பறவை என்னும் பெயர்ச்சொல் அடுக்காக, படத்தின் அடிக்குறிப்பாக நின்றுவிடுகிறது. வினை தோன்றுவதில்லை, ஒருவர் மற்றொருவரிடம் கூறும் கூற்றும் தோன்றுவதில்லை.

இம்மூன்று கலைகளும் ஒருங்கே அமைந்த பழந்தமிழ்ச் சான்று பரிபாடலின் 19ஆம் பாடல். எழுபது எனக் கூறப்படும் பரிபாடல்களுள் முழுமையாகக் கிடைப்பவை 22. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பாடியவர் பெயருடன் இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் குறிக்கப்பட்டுள்ளன. இப்பாடலைப் பாடியவர் நப்பண்ணனார், இசை மருத்துவன் நல்லச்சுதனாருடையது, பண் காந்தாரம். திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தோரை இப்பாடல் காட்டுகிறது. காமன், இரதி, பூனை வடிவெடுத்த இந்திரன், அகலிகை, கவுதமன் ஆகியோர் அவ்வோவியங்களில் உள்ளனர். புலவர் வண்ணங்களையோ கோடுகளையோ வருணிக்க முற்படவில்லை. இவர் யார் எனச் சிலர் வினவுவதையும், அறிந்தோர் சுட்டிக்காட்டி விடை கூறுவதையுமே பாடலாக்கியுள்ளார். அதாவது ஓவியத்துக்கும் செய்யுளுக்கும் இடையே மக்கள் பேச்சு நிற்கிறது. வினாவும் சுட்டும் கவிதையின் வாக்கிய அமைப்பையே வடிவமைக்கின்றன. இன்றைய பயிற்சியில் விடுபடுவது இந்தப் பேச்சே.

பெங்களூரு போன்ற நகரில் இவ்விடுபடல் பெரிதும் கவலைக்குரியது. ஒரே வகுப்பில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்ட மாணவர்கள் அமர்ந்திருப்பர். இசைக்கும் ஓவியத்துக்கும் மொழித்தடை இல்லை எனக் கருதி அவற்றை முதலில் வைக்கின்றனர். மூன்றாம் படியிலோ பள்ளியின் பயிற்றுமொழி திடீரெனக் குறுக்கிடுகிறது. தன் படத்தைப் பற்றித் தமிழில் நிறையப் பேசக்கூடிய குழந்தை, கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நான்கு பெயர்ச்சொற்களோடு நின்றுவிடும். அதனைக் கற்பனைக் குறைவு என மதிப்பிடுவது பிழை. பேசுவதற்கு அரைமணி நேரம் ஒதுக்கி, எம்மொழிக் கலப்பையும் திருத்தாமல் விட்டால், கவிதைக்கான மூலப்பொருள் அங்கேயே திரண்டுவிடும்.

இசையின் நிலையும் இத்தகையதே. முதலில் கேட்ட மெட்டு ஓவியம் தொடங்கியதும் மறக்கப்படுகிறது. எழுதிய அடிகளை மீண்டும் அம்மெட்டில் பாடிப் பார்ப்பதில்லை. பாடிப் பார்த்தால்தான் மொழிகளின் ஒலியமைப்பு வேறுபாடு புலப்படும். தமிழில் பால், கண், ஊர் என்பன ஓரசைச் சொற்கள். கன்னடத்தில் இவை முறையே ஹாலு, கண்ணு, ஊரு என உயிரீறு பெற்று நீள்கின்றன. மெட்டில் ஒரு தட்டுக்கு இசைந்த தமிழ்ச்சொல்லின் இடத்தில் கன்னடச்சொல் வந்தால் கூடுதலாக ஓர் உகரம் இடம் கேட்கும். (பேச்சுத்தமிழும் பாலு, கண்ணு என்றே ஒலிக்கிறது. நேரசையோடு உகரம் சேர்ந்ததை நேர்பு எனத் தொல்காப்பியர் தனி அசையாகக் கொண்டதும் இங்கு நினைக்கத்தக்கது.) இரு மொழிக் குழந்தைகளும் ஒரே மெட்டில் தத்தம் அடிகளைப் பாடும்போது, யாப்பிலக்கணம் கற்பிக்கப்படாமலே அசையுணர்வு செவிக்கு எட்டுகிறது. மொழிபெயர்ப்பாளர் பாடல்களைப் பெயர்க்கையில் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே.

மதிப்பீட்டு முறை இதற்கு இடந்தருவதாக இல்லை. ஆசிரியர் கையில் வந்து சேர்வன படமும் எழுத்தும் மட்டுமே. குழந்தைகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, எழுதிய அடிகளோடு ஒப்பிட்டால், எச்சொல் எம்மொழியிலிருந்து பெயர்ந்தது, எங்குக் கைவிடப்பட்டது என்பதை ஆராய இயலும். பன்மொழி வகுப்பறையில் இத்தகைய தரவைத் திரட்டுவதற்குக் கைப்பேசி ஒன்றே போதுமானது.