அடுப்பு பாதி, விறகு பாதி

அம்பிட்டியவில் விடிகாலை ஐந்தரைக்கு ஜன்னலைத் திறந்தால், எந்த வீட்டில் அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று மூக்கே சொல்லிவிடும். இரவு மழை பெய்த காலைகளில் அந்தப் புகை மேலே ஏறாது. பள்ளத்து மரங்களுக்கு இடையே வெள்ளை வேட்டி காயப்போட்டது மாதிரி படுத்துக் கிடக்கும். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் கலையும். கண்டி என்பதே மலைகளுக்கு நடுவே வைத்த ஒரு சட்டி. காற்று அசையாத நாளில் பஸ் புகையோ அடுப்புப் புகையோ அந்தச் சட்டியை விட்டு எளிதில் வெளியேறாது.

எங்கள் வீட்டில் விறகு அடுப்பு திரும்பி வந்தது 2022இல். 2021 அக்டோபர் வரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆனது. அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாலும் சிலிண்டர் கிடைக்கவில்லை. கொல்லையில் மூன்று கல்லை வைத்தார் அம்மா. பிறகு கேஸ் வந்தது, விலையும் இறங்கியது. ஆனால் சோற்றுப் பானை மட்டும் விறகிலேயே நின்றுவிட்டது. நாங்கள் மட்டும் அப்படி இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்போதே நாட்டில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட வீடுகளில் விறகுதான் முதன்மை எரிபொருள்.

விறகு போகப்போவதில்லை என்றால், புகையாவது குறையட்டும். அந்த எண்ணத்தில் போன ஐப்பசியில் தொடங்கித் தை வரை, மழையிலும் வெயிலிலும், நான்கு அடுப்புகளில் மாறிமாறிச் சமைத்துப் பார்த்தோம். சமைத்தது பெரும்பாலும் அம்மா; தராசும் குறிப்புப் புத்தகமும் என் கையில்.

பெட்டியில் எழுதியதை நம்பலாமா?

கடையில் எந்த அடுப்பைக் கேட்டாலும் “புகையே வராது” என்பார்கள். அது விற்கிறவர் சொல். சட்டம் வேறு மாதிரி பேசுகிறது.

இலங்கையில் காற்றின் தரத்துக்கான ஒழுங்குவிதிகள் 1994இல் வந்தன, 2008இல் திருத்தப்பட்டன. 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள், ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 25 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எந்த 24 மணி நேரத்திலும் சராசரி 50ஐத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு இன்னும் இறுக்கமானது: ஆண்டுக்கு 5, 24 மணி நேரத்துக்கு 15. ஆனால் நமது ஒழுங்குவிதி வெளிக்காற்றுக்கு. அம்மா தினமும் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கிற அந்த எட்டடிக் குசினியின் காற்றை அது அளப்பதில்லை.

அடுப்பையே நேராக அளக்கிற கணக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, புகைபோக்கி இல்லாத அடுப்பு நிமிடத்துக்கு 0.23 மில்லிகிராம் நுண்துகளுக்கு மேல் விடக் கூடாது. புகைபோக்கி இருந்தால் 0.80 வரை போகலாம். இந்தியாவின் ஐஎஸ் 13152 தரநிலை (2013), விசிறி இல்லாத அடுப்புக்கு 25 சதவீத வெப்பத்திறனும், விசிறி உள்ளதற்கு 35 சதவீதமும் கேட்கிறது. பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு மெகாஜூல் வெப்பத்துக்கும், முதல் வகை 350 மில்லிகிராம் துகளுக்கு மேல் விடக் கூடாது, இரண்டாம் வகை 150க்கு மேல் விடக் கூடாது. ஆகவே அடுப்பு வாங்கும்போது கேட்க வேண்டியது “புகை வருமா” என்பதல்ல. வெப்பத்திறன் எவ்வளவு, துகள் எவ்வளவு, காபனோரொட்சைட்டு எவ்வளவு, எங்கே சோதித்தார்கள்? நான் கேட்ட கடைகளில் ஒன்றில்கூட இதற்கான தாள் இல்லை. அதனால்தான் நாங்களே சோதிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் ஆய்வுகூடம் எளியது. ஒவ்வொரு அடுப்பிலும் ஒரே வேலை: அரைக் கிலோ சம்பா அரிசி, ஒரு பருப்புக் கறி, ஒரு கேத்தல் தண்ணீர். விறகை முன்னும் பின்னும் நிறுப்போம். அடுப்புக்கு மேலே மூன்றடி உயரத்தில் பழைய வேட்டித் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவோம். மூன்று நாளுக்குப் பிறகு அதை எடுத்துத் தேதி எழுதி வைப்போம். கண்ணுக்குத் தெரியாத துகளைத் துணி காட்டாது என்பது தெரியும். ஆனாலும் துணி பொய் சொல்வதில்லை.

மூன்று கல்

ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இது. எங்கள் சமையலுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ விறகு தின்றது. விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் பானைக்குப் போகும். மிச்சம் நம் முகத்துக்கும் கூரைக்கும். மூன்றாம் நாள் துணி தேநீரில் நனைத்து எடுத்த நிறத்தில் இருந்தது. பெரிய பானை, சின்னப் பானை, ஈர விறகு, தென்னை மட்டை என எதையும் மறுக்காது என்பதே இதன் ஒரே பெருமை.

அனகி

“அனகி” என்றால் சிங்களத்தில் அருமையானது, விலைமதிப்பற்றது. 1986இல் இலங்கை மின்சார சபையும் பிரித்தானியாவின் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவும் சேர்ந்து உருவாக்கிய களிமண் அடுப்பு இது. அதைக் குயவர்களுக்குக் கற்றுக்கொடுத்து ஊரூராகப் பரப்பியதில் கண்டியில் இயங்கும் ‘ஐடியா’ என்ற தொண்டு நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கண்டி–கொழும்பு வீதியோரத்து மண்பாண்டக் கடைகளில் இன்றும் அடுக்கி வைத்திருப்பார்கள். நான்கு அடுப்புகளில், மூன்று கல்லை விட்டால், இதுதான் மலிவு.

ஒரே வார்ப்பான உடம்பு. முன்னே விறகு வாய், அதன் பின்னால் வரிசையாக இரண்டு கண். நெருப்பு முதல் கண்ணுக்கடியில்தான். அங்கே மீறும் சூடு உள்ளே இருக்கும் சின்னச் சுரங்கம் வழியாக இரண்டாம் கண்ணுக்குப் போகும். முன்னால் சோறு கொதிக்கும்போது பின்னால் பருப்பு மெதுவாக வேகும். சோறும் கறியும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டிய நம் வீட்டுச் சமையலைப் பார்த்துச் செய்த வடிவம். விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போகும், அதாவது மூன்று கல்லைப்போல் இரு மடங்கு. எங்கள் தராசில் விறகு இரண்டு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோவுக்கு இறங்கியது.

முதல் அடுப்பை நானே உடைத்தேன். அனகியை வாங்கிய கையோடு எரிக்கக் கூடாது. களிமண், உமி, மாட்டுச் சாணம் குழைத்து, சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்குப் பூச வேண்டும். அந்தப் பூச்சு நிழலில் ஒரு வாரம் காய வேண்டும், பிறகு சின்ன நெருப்பில் பழக்க வேண்டும். பூச்சு இருந்தால் மூன்று வருடமும் உழைக்கும் அடுப்பு, இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் கையை விரித்துவிடும். நான் மூன்றாம் நாளே பெரிய நெருப்புப் போட்டேன். இரண்டு கண்ணுக்கும் நடுவே தலைமுடி போல ஒரு கீறல் ஓடியது. அடுத்த வாரம் அதற்குள் கத்தி முனை போனது.

இன்னொன்று: இரண்டாம் கண்ணைத் திறந்து வைக்கவே கூடாது. பாத்திரம் இல்லாத கண் புகைபோக்கியாக மாறி, சூட்டையும் புகையையும் குசினிக்குள் கக்கும். பருப்பு இறங்கினால் கேத்தலை வைத்துவிடுங்கள். அனகிக்கென்று புகைபோக்கி கிடையாது. குசினியில் பழைய புகைக்கூண்டு இருந்தால் அதற்கடியில் வையுங்கள். இல்லையென்றால் புகை குறையும், ஆனால் வீட்டுக்குள்ளேயே குறையும்.

ராக்கெட் அடுப்பு

அமெரிக்காவின் அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களில் வகுத்த முறை. ‘எல்’ வடிவக் குழாய். கிடைப்பக்கம் விறகு, நிமிர்பக்கம் நெருப்பு. சூடு வெளியே கசியாதபடி சுற்றிலும் காப்பு. குழாய்க்குள்ளேயே புகையின் பெரும்பகுதி எரிந்துவிடும். நாங்கள் சோதித்தது ஒரு வெல்டிங் கடையில் செய்வித்தது.

தண்ணீர் கொதிப்பதில் இதை எதுவும் வெல்லவில்லை. விறகும் ஒரு கிலோவைச் சற்றே தாண்டியது. ஆனால் இதன் வாய்க்கு விரல் பருமன் குச்சிதான் பிடிக்கும். மன்னாவால் விறகு பிளந்து என் உள்ளங்கை கொப்பளித்தது. குச்சியை நிமிடத்துக்கு நிமிடம் உள்ளே தள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா வந்து பேச்சுக் கொடுத்தால் நெருப்பு அணைந்துவிடும். ஒரே கண், உயரமான உடம்பு. பிட்டுப் பானையோ கிண்ட வேண்டிய பாற்சோறோ வைத்தால் ஆட்டம் காட்டும். தோட்டத்து மிலாறு கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பவர்களுக்கு இதைவிட நல்ல அடுப்பு இல்லை. கவ்வாத்து முடிந்த தேயிலைக் குச்சி இதன் வாய்க்கு அளவெடுத்தாற்போல் இருக்கும்.

விசிறி அடுப்பு

நான்கில் விலை கூடியது, பார்க்க அழகானது. இரும்பு உருளை, அடியில் பற்றரியில் ஓடும் சின்ன விசிறி. துண்டு விறகை நிரப்பி மேலிருந்து பற்றவைக்க வேண்டும். நெருப்பு மேலிருந்து கீழே இறங்க, விறகிலிருந்து கிளம்பும் வாயு மேலே வரும் காற்றோடு கலந்து எரியும். எல்லாம் சரியாக இருந்தால் சுவாலை கேஸ் அடுப்பைப் போலவே நிற்கும், பானையின் அடி கறுக்காது. முக்கால் கிலோ விறகில் சமையல் முடிந்தது. காய்ந்த இறப்பர் விறகில் மூன்று நாளுக்குப் பிறகும் துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது.

அம்மா மட்டும் மசியவில்லை. “அடுப்புக்கு ஃபேன் வாங்கிட்ட. எனக்கு எப்படா வாங்குவ?”

அவர் சொன்ன குறைகள் நியாயமானவை. ஒரு நிரப்பு விறகு சோற்றுக்குச் சரி. கறிக்கு நடுவில் தீர்ந்துவிடும். எரியும்போது மேலே விறகு போட்டால் புகை குபுகுபுவென்று எழும். ஒரு மழை இரவில் பற்றரி தீர்ந்து விசிறி நின்றது. ஒரே நிமிடத்தில் குசினியில் எதிரே நின்றவர் முகம் தெரியவில்லை. கடைசியில் மிஞ்சும் கரித் தணலைப் புகை இல்லை என்று நம்பி மூடிய அறைக்குள் விட்டுவிடாதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எதிர்பாராத முடிவு

இந்த வரிசையோடு கட்டுரையை முடித்திருப்பேன். மார்கழி மழையில் காய்ந்த விறகு தீர்ந்ததால்தான் கதை மாறியது. முந்தின வாரம் வெட்டிய கிளிரிசீடியாவை அதே விசிறி அடுப்பில் போட்டோம். மூன்றாம் நாள் துணி பழுப்பாகிவிட்டது. அதற்கு முன் காய்ந்த விறகில் அனகி தந்த துணியைப் பக்கத்தில் விரித்தேன். மலிவான மண் அடுப்பின் துணிதான் வெளுப்பாக இருந்தது.

காரணம் சிக்கலானதல்ல. பச்சை விறகின் எடையில் பாதி வரை தண்ணீர். முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் நெருப்பு தன் வேலைக்கு வரும். அதுவரை சூடு போதாமல் எரியாத வாயு புகையாகப் போகும். புகைச் சட்டங்களும் இதே பாடத்தைத் தாமதமாகத்தான் படித்தன. 1952 டிசம்பர் லண்டன் நச்சுப் புகைக்குப் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்த பிரித்தானியா, நெடுங்காலம் அடுப்பையும் நிலக்கரியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 2021 மே மாதத்தில்தான், சிறு கட்டாக விற்கும் விறகில் 20 சதவீத ஈரத்துக்கு மேல் இருக்கக் கூடாதென்று இங்கிலாந்தில் விதி வந்தது.

நல்ல அடுப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஒடிசாவில் புகைபோக்கியோடு கொடுத்த அடுப்புகளை ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் நான்கு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். முதல் வருடம் புகை குறைந்தது. பிறகு பழுது பார்க்க ஆளில்லாமல் அடுப்புகள் உடைந்தன, பயனும் மறைந்தது. மலாவியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வீடுகளை வைத்து நடந்த ஆய்வில், விசிறி அடுப்பு கொடுத்தும் நியுமோனியா குறையவில்லை. அடுப்பைத் தவிரவும் புகை வரும் வழி பல என்பது அதற்குச் சொல்லப்பட்ட ஒரு காரணம். சுவாசநோய் உள்ளவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில், முடிந்தால் கேஸ் அல்லது மின்சாரம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

யாருக்கு எது?

நான்கைந்து பேருக்குச் சோறும் கறியும் தினமும் விறகில் என்றால்: பூச்சோடு அனகி, மேலே புகைக்கூண்டு. முற்றத்தில் அவித்தல், சுடுதண்ணீர், மிலாறு என்றால்: ராக்கெட். சின்னக் குடும்பம், உலர்ந்த துண்டு விறகு, பற்றரி சார்ஜ் போட மறக்காத ஆள் என்றால்: விசிறி அடுப்பு. தேநீருக்காக மட்டும் விறகு மூட்டாதீர்கள். மூட்டும்போது வரும் புகைதான் மோசம், அதற்கு மின்கேத்தல் போதும்.

எதை வாங்கினாலும், அதற்கு முன் விறகுக்கு ஒரு கூரை போடுங்கள். நாங்கள் கொல்லைச் சுவரோரம் இரண்டு தகரம் சாய்த்து, தரையிலிருந்து அரையடி உயர்த்தி, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கினோம். ஒரு விறகில் சிவப்பு மை தடவி, ஞாயிறுதோறும் நிறுக்கிறேன். எடை இறங்குகிற வரை அடுக்கு அப்படியே இருக்கும். இரண்டு வாரம் ஒரே எடை காட்டினால் எடுத்து எரிக்கலாம். தராசு இல்லாதவர்கள் இரண்டு விறகைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது “டக்” என்று பேசும், ஈரமானது “தொத்” என்று முனகும்.

இதையெல்லாம் நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னபோது அம்மா சிரித்தார். ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் அவர் பிறந்து வளர்ந்த காம்பிராவில், அடுப்புக்கு மேலே ஒரு பரண் இருந்ததாம். நாளைக்கு எரிக்கிற விறகு இன்றைய அடுப்புச் சூட்டில் அங்கே காயும், பக்கத்தில் கொறக்காவும் காயும். “மழக்காலத்துல அதுல வெறகு இல்லாட்டி அப்பாயி கத்தும்,” என்றார். பிறகு சிவப்பு மை தடவிய விறகை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்து, தராசைத் தொடாமலே மறுபடி அடுக்கில் வைத்தார்.

“இன்னும் ஒரு கெழம போவட்டும்.”

தராசில் போட்டேன். போன ஞாயிறைவிட இருபது கிராம் குறைந்திருந்தது.