பூனையின் சமாதி

ஜப்பானிய நாவலாசிரியர் நத்ஸுமே ஸோஸெகிக்குப் பெயர் வாங்கித் தந்தது 1905-06ல் வெளிவந்த 'நான் ஒரு பூனை'. அதற்குத் தூண்டுதலாயிருந்த வீட்டுப் பூனை 1908ல் இறந்தது. மறு வருஷம் அவர் எழுதிய 'பூனையின் சமாதி' சில பக்கங்கள்தான். எனக்கு நாவலைவிட இதுவே உயர்வாகப் படுகிறது. நோயுற்ற பூனை விருந்தினருக்கான திண்டுகளில் வாந்தியெடுக்கிறது. மருந்தைக் கரைத்துக் கொடுக்கும்படி மனைவியிடம் சொல்கிறார் ஆசிரியர். பிறகு வாசிப்பில் ஆழ்ந்துவிடுகிறார். செத்த பிறகுதான் வீடு அமர்க்களப்படுகிறது: சமாதிக்குப் பலகை, குழந்தைகள் வைக்கும் பூ, நினைவு நாளில் மீனும் சோறும். உயிரோடிருந்தபோது கட்டாத கடனுக்கு இதெல்லாம் வட்டி. செல்லப் பிராணியைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்ணீரோடு தொடங்குவார்கள். இவரோ தம் அலட்சியத்தையே எழுதுகிறார், மன்னிப்புக் கேட்காமல். அதனால்தான் அந்தத் துக்கத்தை நான் நம்புகிறேன்.