கொச்சையும் கொலையும்: சம்கீலாவை வாசித்தல்

1988 மார்ச்சில், பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்தில், 15 நாள் இடைவெளியில் இரண்டு கொலைச் சம்பவங்கள். 23ஆம் தேதி தல்வண்டி சலேமில் கவிஞர் பாஷ் காலிஸ்தான் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். பகத்சிங் தூக்கிலிடப்பட்ட அதே தேதி. பாஷ் நம்முடைய தியாகிகள் பட்டியலில் இருக்கிறார், கூட்டங்களில் அவர் பெயர் சொல்லப்படுகிறது. சரிதான். ஆனால் 8ஆம் தேதி மெஹ்சம்பூரில், கச்சேரிக்கு வந்து காரைவிட்டு இறங்குகிறபோது சுடப்பட்டவர்களைப் பற்றி நாம பேசினதே இல்லை. பாடகர் அமர்சிங் சம்கீலா, அவரோடு பாடிய மனைவி அமர்ஜோத், குழுவிலிருந்த இன்னும் இரண்டு பேர். சம்கீலாவுக்கு அப்போது வயது 27. 2024இல் இம்தியாஸ் அலி படம் எடுத்து, ஏ.ஆர். ரஹ்மான் அதற்கு இசையமைத்த பிறகுதான் இங்கே பலருக்கு அந்தப் பெயரே காதில் விழுந்தது.

ஏன் இந்த மௌனம்? சம்கீலா பாடினது 'கொச்சைப் பாட்டு'. கொழுந்தன், மச்சினி, கள்ள உறவு, சாராயம், அபின். இப்படிப்பட்ட ஆளை எந்தக் கொடியில் சுற்றிப் புதைப்பது? தியாகி என்கிற சொல்லாடலுக்குள் நுழைய ஒரு குறைந்தபட்சத் தூய்மை வேண்டியிருக்கிறது. அந்த விதியை வைத்தவர்கள் நாம்தான், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் இல்லை.

லூதியானாவை ஒட்டிய துக்ரி கிராமத்தில் 1960இல் ஒரு சமார் குடும்பத்தில் பிறந்தவர். எலெக்ட்ரீஷியன் ஆக நினைத்து, துணி மில்லில் கூலி வேலைக்குப் போனார். பாடகர் சுரிந்தர் ஷிண்டாவிடம் சேர்ந்து, பிறகு தனியாக மேடை ஏறினார். கையில் தும்பி என்கிற ஒற்றைத் தந்தி வாத்தியம். பாட்டும் பெரும்பாலும் அவரே எழுதியதுதான். பஞ்சாப் கிராமங்களில் கல்யாணத்துக்குத் திறந்த வெளியில் நடக்கிற கச்சேரிக்கு 'அகாடா' என்று பெயர். ஒரு வருஷத்தில் இருக்கிற நாட்களைவிட அவருக்குக் கச்சேரிகள் அதிகம் என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் யாரைப் பற்றி அப்படிக் கதை கட்டுகிறார்கள் என்பதும் ஒரு செய்திதானே.

இந்தக் கொச்சை எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து குதிக்கவில்லை. பஞ்சாபிப் பெண்கள் கித்தா ஆட்டத்தில் மாமியாரையும் மூத்தாரையும் கொழுந்தனையும் கிழித்துத் தொங்கவிடுகிற போலிகள் உண்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வசைபாடுகிற சித்னிகள் உண்டு. முற்றத்துக்குள், பெண்கள் வாயில் புழங்கிய ஆபாசம் அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆரிய சமாஜிகளும் சிங் சபைக்காரர்களும் 'சீர்திருத்தம்' என்று கிளம்பியபோது முதலில் வாயை மூடச் சொன்னது இந்தப் பெண்களைத்தான். 1987இல் தீவிரவாதிகள் ஒழுக்க விதிகள் போட்டு, இறைச்சி, சாராயம், ஆடம்பரக் கல்யாணம் எல்லாவற்றையும் தடுத்தபோது அந்தப் பழைய வேலைத்திட்டம்தான் துப்பாக்கியோடு திரும்ப வந்தது. சம்கீலா செய்தது என்ன? முற்றத்துப் பேச்சை மேடையில் ஏற்றி, ஒலிபெருக்கி வழியாகவும் கேசட் வழியாகவும் லாரிக்காரனுக்கும் வயற்காட்டுக்கும் கொண்டுபோனார். அதைச் செய்தவர் சமார், அதுவும் காசுக்குச் செய்தார். இந்த இட மாற்றம்தான் குற்றம் என்று நினைக்கிறேன். நிலத்தையும் துப்பாக்கியையும் ஜாட் மீசையையும் கொண்டாடுகிற பாட்டு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதை வீரம் என்கிறார்கள். தலித்துகள் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தும் கையகல நிலத்துக்கு அல்லாடுகிற மாநிலத்தில் அந்தப் பாட்டு ஆபாசமாக யாருக்கும் படவில்லை!

இங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது. 'தலித் கலகக்காரன்' என்று முத்திரை குத்திப்புட்டுப் போயிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளில் சாதியைப் பற்றிய நேரடிப் பேச்சு கிடையாது. பெண்ணுடல் அவற்றில் பல இடங்களில் ஆணின் கைச்சரக்காகத்தான் கிடக்கிறது. அதை விளிம்புநிலைக் குரல் என்று சொல்லி மூடி மறைப்பது பெண்களுக்குச் செய்கிற துரோகம். ஒன்றை மட்டும் கவனிக்கணும். இவை ஜோடிப் பாட்டுகள். பெண் வாய்மூடிக் கேட்பதில்லை. திருப்பிக் கேட்கிறாள், கேலி செய்கிறாள், தனக்கும் ஆசை உண்டு என்கிறாள். வரிகளை ஆண் எழுதிக்கொடுத்தான் என்பது உண்மைதான். ஆனால் அமர்ஜோத்தின் கூர்மையான, கொஞ்சமும் கூச்சமில்லாத குரல் அந்த வரிகளை எழுதினவனுக்கு மட்டும் சொந்தமாக விட்டுவைக்கவில்லை. முற்றத்துப் பெண்கள் அந்தக் குரலில்தான் கொஞ்சம் மிச்சமிருக்கிறார்கள். எழுத்துப் பிரதியை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுகிற நம் பழக்கம் இதில் உதவாது. பாட்டைக் காதால்தான் வாசிக்கணும்.

இம்தியாஸ் அலியின் படம் இந்தச் சிக்கலைச் சுலபமாகத் தீர்த்துக்கொள்கிறது: 'ஜனங்க கேட்டாங்க, அவன் கொடுத்தான்.' வெள்ளந்தியான ஒரு கலைஞன். இரக்கம் வருகிறது, வரட்டும். ஆனால் சமார் வீட்டிலிருந்து வந்து, கேசட் சந்தையைத் தன் பக்கம் திருப்பிய ஒருவனிடமிருந்து அவனுடைய தேர்வையே இந்த இரக்கம் பிடுங்கிக்கொள்கிறது. அவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரியும். மிரட்டல் வந்தபோது பக்திப் பாட்டும் பாடினார், அவையும் நன்றாக விற்றன. கூட்டம் பழையதைக் கேட்டபோது பழையதற்கே திரும்பினார். இதை அப்பாவித்தனம் என்று சொல்ல என்னால் முடியாது.

கொன்றது யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. தீவிரவாதிகள் என்கிறார்கள், போட்டிப் பாடகர்கள் என்கிறார்கள். ஜாட் குடும்பத்தில் பிறந்த அமர்ஜோத் ஒரு சமாரைக் கட்டிக்கொண்டதற்கான ஆணவக் கொலை என்றும் சொல்கிறார்கள். மூன்றில் எதுவும் யாருக்கும் நம்பமுடியாததாகப் படவில்லை என்பதுதான் பயங்கரம்.

பிற்பாடு ஜலந்தரிலிருந்து கின்னி மாஹி வந்தார். அம்பேத்கரையும் ரவிதாசரையும் பாடுகிற இளம்பெண். 2016இல் தன் சாதிப் பெயரையே தலைப்பில் வைத்துப் பாடினார். சம்கீலா மேடையில் சொல்லாமல் விட்டதை அவர் உரக்கச் சொன்னார். ஆனால் அவர் பாட்டில் கொழுந்தனும் இல்லை, சாராயமும் இல்லை. சாதியைச் சொல்ல வாய் திறக்கும்போது உடலைப் பற்றிய பேச்சை வாசலிலேயே கழற்றிப் போட வேண்டியிருக்கிறது போல. அமர்ஜோத்தோ இன்னும் யாருடைய பட்டியலிலும் இல்லை. பாட்டுகளில் பாதிக் குரல் அவருடையது, மெஹ்சம்பூரில் அவரும்தான் விழுந்தார். 2024இல் வந்த படத்தின் பெயர் 'அமர்சிங் சம்கீலா'.