வீர்ட்ஸ் கேட்ட சுவர்

ரூபன்ஸை வெல்ல வேண்டும். இந்த ஒரே ஆசையோடு வாழ்ந்து, அறுபது வயதைத் தொடுமுன்னமே போய்ச் சேர்ந்தவர் அன்ரொயின் வீர்ட்ஸ். 1806இல் டினான் என்ற சிற்றூரில் பிறந்தார். பெல்ஜியம் அப்போது ஒரு நாடாகவே இருக்கவில்லை. அன்ட்வேர்ப் கலைக்கூடத்தில் பயின்று, 1832இல் உரோமாபுரிப் பரிசை வென்று இத்தாலி போனார். பத்ரொக்லஸின் சடலத்துக்காகக் கிரேக்கரும் துரோயரும் மல்லுக்கட்டும் மாபெரும் ஓவியத்தை அங்கேதான் தீட்டினார். உரோமில் நல்ல பேர். ஆனால் 1839இல் பரிஸ் கண்காட்சியில் அதைச் சரியாகப் பார்க்க முடியாத இடத்தில் மாட்டிவிட்டார்கள். விமர்சகர்கள் கேலி செய்தார்கள்.

மனுசன் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. பிரசல்ஸ்தான் தலைநகரம், பரிஸ் வெறும் மாகாணம் என்று தலைப்பிட்டு ஒரு பிரசுரமே எழுதினார். கோபத்தில் எழுதுவது யாருக்கும் வரும். கோபத்தில் வரைவதுதான் ஆபத்து. 'விண்ணுக்கு எதிராக நரகத்தின் கிளர்ச்சி' 11 மீற்றருக்கும் மேல் உயரமானது. உடல்கள் புரள்கின்றன, பாறைகள் உருள்கின்றன. கண்ணுக்குத் தங்கி நிற்க ஓர் இடமில்லை. ரூபன்ஸிடம் கூட்டமும் இருக்கும், அந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஒழுங்கும் இருக்கும். வீர்ட்ஸ் அதில் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பது என் எண்ணம்.

ஆனால் 1847இல் வரைந்த 'அழகி ரோசின்' படத்தைப் பாருங்கள். ஓர் இளம்பெண் எலும்புக்கூட்டுக்கு முன்னால் அமைதியாக நிற்கிறாள். மண்டையோட்டில் ஒரு சிறு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. 'அழகி ரோசின்' என்ற பெயர் அதில்தான் இருக்கிறது, பெண்ணிடம் இல்லை! 11 மீற்றரால் முடியாததை அந்தச் சீட்டு செய்துவிடுகிறது. 1854இல் வந்த 'அவசர அடக்கம்' படமும் அப்படித்தான். கொலராவில் இறந்ததாக எண்ணிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவன் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே பார்க்கிறான். நிலவறை, ஒரு கை, பயந்த முகம், அவ்வளவுதான். பிற்காலக் குறியீட்டு ஓவியர்களுக்கு இவர் முன்னோடி என்று சிலர் சொல்வதை இவ்விரண்டு படங்களுக்காக ஒத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெரிய படங்களை அவர் விற்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு உருவப்படங்கள், புகழுக்கு இவை என்று பிரித்து வைத்திருந்தார். 1850இல் அரசோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அரசு அவருக்குப் பெரியதொரு வேலைக்கூடம் கட்டிக்கொடுக்கும்; படங்கள் அரசுக்குச் சேரும்; ஆனால் அங்கிருந்து அவற்றை அசைக்கக்கூடாது. தன் படத்தை மோசமான சுவரில் பார்த்தவர் தனக்கென்றே ஒரு சுவரைக் கேட்டு வாங்கிவிட்டார். அதைப் பிடிவாதம் என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

சுவர் நின்றது, சாயம்தான் நிற்கவில்லை. எண்ணெய்ச் சாயத்தின் பளபளப்பு பிடிக்காமல் மங்கலான ஒரு சாயமுறையைத் தானே உண்டாக்கினார். அம்முறையில் வரைந்தவை காலத்தோடு பழுதடைந்தன. யாரும் தொடக்கூடாது என்று காவல் வைத்த படங்களை அவருடைய சொந்தக் கலவையே தின்றது.

1865இல் அவர் இறந்தபின் கூடம் அருங்காட்சியகமாயிற்று. பிளெமிஷ் நாவலாசிரியர் ஹென்ட்ரிக் கொன்சியன்ஸ் அதன் காப்பாளராக அங்கேயே குடியிருந்தார். பக்கத்தில் இப்போது ஐரோப்பிய பாராளுமன்றம் எழுந்து நிற்கிறது. அதற்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உறையின் மேல் வீர்ட்ஸ் வீதி என்றுதான் முகவரி இடுகிறார்கள்.