தடுத்தாடும் அழகு

இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று ஒரு சுற்று சுற்றி வந்தால் ஹூண்டாய், சாம்சங், யமஹா என்று வரிசையாகப் பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். ஒரகடம் ஆலை 2025 வரை நிசானுடையதாகவும் இருந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அவை கார், பிரிட்ஜ், பைக் செய்யும் கம்பெனிகள். ஆசியக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கோ நான்கும் நான்கு அணிகள். ஜியோன்புக் ஹூண்டாய் மோட்டார்ஸ் 2006, 2016 என்று இரண்டு முறை ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வென்ற அணி. சுவோன் சாம்சங் ப்ளூவிங்ஸ் கொரியாவின் பெரிய கழகங்களில் ஒன்று. யமஹாவின் கம்பெனி அணியாக 1972இல் பிறந்ததுதான் இன்றைய ஜூபிலோ இவாட்டா. அதே ஆண்டு நிசான் தொடங்கிய அணி இன்று யோகோஹாமா எஃப் மரினோஸ்.

இந்தப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது 2018 அக்டோபர் 1ஆம் தேதி மலேசியாவில் நடந்த ஆட்டம். ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியின் காலிறுதி; இந்தியாவும் தென்கொரியாவும். ஜெயித்தால் அடுத்த ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு நேரடி இடம். அதுவரை எந்த இந்தியக் கால்பந்து அணியும் களத்தில் ஆடி வென்று உலகக் கோப்பைக்குப் போனதில்லை. 67ஆம் நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. 0–1. அவ்வளவுதான்.

நம் இளையோர் அணியின் சர்வதேசக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தால் உற்சாகம் வராது. 1974இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் போட்டியின் இறுதியில் ஷபீர் அலி தலைமையிலான அணி ஈரானோடு 2–2 என்று சமன் செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. பயிற்சியாளர் அருண் கோஷ். ஆசிய அளவில் நம் பையன்கள் தொட்ட உச்சம் இன்றுவரை அதுதான். 2017இல் போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடினோம். அமெரிக்காவிடம் 0–3, கொலம்பியாவிடம் 1–2, கானாவிடம் 0–4. ஒன்பது வாங்கி ஒன்று போட்டோம்.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் இதில் ரசிக்க ஒன்றுமில்லை. ஆனால் கால்பந்தில் கோல் போடுவது மட்டும் கலையல்ல. கோல் விழாமல் பார்த்துக்கொள்வதும் கலைதான். இளையோர் ஆட்டத்தில் அது இன்னும் அரிது. பதினாறு வயதில் எவனுக்கும் பந்தைத் துரத்தத்தான் கால் பரபரக்கும். பந்தை விட்டுவிட்டு இடத்தைக் காப்பது பல மாதப் பயிற்சியில் வருவது. பந்து ஒரு ஓரத்துக்குப் போகும்போது எதிர் ஓரத்து டிஃபெண்டர் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். அவனிடம் பந்து இல்லை, அவனை யாரும் நெருங்கவில்லை, கேமராவும் அவனைக் காட்டாது. ஆனாலும் பத்தடி உள்ளே நகர்ந்து நடுவில் இருப்பவனோடு இடைவெளியைச் சுருக்குகிறான். அவன் நகர மறந்தால் பின்வரிசை மொத்தமும் திறந்துகொள்ளும். கன்வேயர் லைனில் ஒரு ஸ்டேஷன் பிந்தினால் மொத்த லைனும் நிற்பது போலத்தான். லைனில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்தக் கட்டு எவ்வளவு நுட்பமானது, எவ்வளவு சீக்கிரம் குலையும் என்பதற்கு டெல்லி நேரு ஸ்டேடியத்தில் நடந்த கொலம்பியா ஆட்டமே பாடம். 82ஆம் நிமிடம், இந்தியாவுக்கு கார்னர். சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த பந்துக்கு ஜீக்சன் சிங் எழும்பித் தலையால் முட்டினார். உள்ளே! ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல் அது. மைதானம் எழுந்து நின்றது. ஆட்டக்காரர்களும் நம்மைப் போலத்தானே? அந்தக் குதூகலம் அடங்கி வரிசை ஒழுங்காவதற்குள், அடுத்த நிமிடமே பெனலோசா கொலம்பியாவின் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார். 81 நிமிடம் ஒரு கோலுக்கு மேல் விடாமல் கட்டிக் காத்தது ஒரு நிமிடச் சந்தோஷத்தில் அவிழ்ந்துபோனது. அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். முதல் நிமிடத்தில் உள்ள அழகுக்காகவும், இரண்டாவதில் உள்ள பாடத்துக்காகவும்.

அதே போட்டியில் அமெரிக்காவோடு ஆடியபோது அன்வர் அலி அடித்த பந்து மேல்கம்பத்தில் மோதித் திரும்பியது. அந்த வேகத்திலேயே அமெரிக்கா எதிர்த்தாக்குதலில் ஓடி மூன்றாவது கோலைப் போட்டது. ஓராண்டு கழியவில்லை. 2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் கோடிஃப் கோப்பை, 20 வயதுக்குட்பட்டோர் ஆட்டம், எதிரே அர்ஜென்டினா. தீபக் டாங்ரி தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மிச்சம் பத்துப் பேர். 68ஆம் நிமிடம் அதே அன்வர் அலி தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக், இந்த முறை மேல்கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே இறங்கியது. 2–1 என்று இந்தியா ஜெயித்தது. அந்த ஃப்ரீ கிக்கைவிட, அர்ஜென்டினா ஒரு கோலைத் திருப்பிய பிறகும் பத்துப் பேர் பதறாமல் நின்றார்களே, அதுதான் ரசிகனுக்கு விருந்து. அன்று எதிரணிப் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி. அந்தத் தொடரின் கோப்பையை அவர்தான் கொண்டுபோனார். நான்கு ஆண்டு கழித்துக் கத்தாரில் உலகக் கோப்பையையும் தூக்கினார்.

ஆனால் தடுத்தாட்டத்தின் உச்சம் என்று நான் சொல்வது மலேசியாவில் ஆடிய அந்த 16 வயது அணியைத்தான். பயிற்சியாளர் கோவாவின் பிபியானோ ஃபெர்னாண்டஸ். வியட்நாமோடு 86ஆம் நிமிடம் விக்ரம் பிரதாப் சிங் போட்ட பெனால்டியில் 1–0. ஈரானோடு 0–0, அதில் கீப்பர் நீரஜ் குமார் ஒரு பெனால்டியைத் தடுத்தார். இந்தோனேசியாவோடு, அவர்களுடைய ஆதரவாளர்கள் நிறைந்த அரங்கில் 0–0. லீக் சுற்றில் மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட விழவில்லை. காலிறுதியிலும் 66 நிமிடம் கொரியாவைத் தாங்கினார்கள். கடைசியில் நீரஜ் முதல் ஷாட்டைத் தடுத்தும், திரும்பி வந்த பந்தை ஜியோங் சாங்-பின் உள்ளே தள்ளிவிட்டார். நான்கு ஆட்டத்தில் வாங்கியது அந்த ஒரே கோல். போட்டதும் ஒன்றே என்பதுதான் குறை. தடுக்கத் தெரிந்த அணிக்கு முடிக்கத் தெரியவில்லை. முடிப்பது, வருடம் முழுக்கப் பலமான அணிகளோடு லீக் ஆடினால் மட்டுமே படியும் பழக்கம்.

அந்த ஜியோங் சாங்-பின் எங்கே வளர்ந்தவர் தெரியுமா? சுவோன் சாம்சங் ப்ளூவிங்ஸ் கழகத்தின் இளையோர் பிரிவில். சுங்குவார்சத்திரத்தில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்யும் அதே சாம்சங்கின் பெயர் தாங்கிய கழகம்.

தொழிற்சாலையும் கால்பந்தும் சேர்வது நமக்கும் புதிதல்ல. பக்வாராவின் ஜே.சி.டி. மில் அணிதான் 1996–97இல் முதல் தேசிய லீக்கை வென்றது. ஜாம்ஷெட்பூரில் டாடா 1987இல் தொடங்கிய கால்பந்து அகாடமி இந்திய அணிக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களைக் கொடுத்தது. சென்னையிலேயே ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி அணிகள் எத்தனையோ பேருக்கு வேலையும் கொடுத்து ஆட்டமும் கொடுத்தன. ஆனால் 2017 உலகக் கோப்பை அணியின் 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. ஆட்டங்கள் நடந்த ஆறு நகரங்களில் சென்னையும் இல்லை.

முழு அளவுக் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் இரண்டு ஏக்கர்கூட வராது. கொரியாவிலும் ஜப்பானிலும் கால்பந்துக் கழகம் வளர்த்த கம்பெனிகளுக்கு இங்கே அதைச் செய்யும் வகை தெரியாதா? சிப்காட் தொழிற்பூங்காவின் அடுத்த விரிவாக்க வரைபடத்தில் அந்த இரண்டு ஏக்கரைக் குறித்துவிட்டு, ஒரு பயிற்சியாளரையும் போட்டு, சுற்றுவட்டாரப் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் வருடம் முழுக்க லீக் நடத்துங்கள். தடுக்கக் கற்றுக்கொண்டவர்கள் முடிக்கவும் கற்றுக்கொள்வார்கள்.