பயிற்சியை எதைக்கொண்டு அளப்பது?

நூலகப் பணியாளருக்கு இணையக் கருவிகளைப் பயிற்றுவிக்கும் திட்டங்கள் இருபது ஆண்டுகளாக வந்தபடி இருக்கின்றன. அவற்றைப் பற்றிய அறிக்கைகளுக்குக் குறைவில்லை, மதிப்பீடுதான் அரிது. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், எத்தனை கணினிகள் வந்திறங்கின என்பதோடு அறிக்கை நின்றுவிடுகிறது. பயிற்சிக்குப் பிறகு, வாசகர் கேட்டது முன்பைவிட விரைவாக அவர் கைக்கு வந்ததா? நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தைப் பற்றியது. அதைப் பாடமாகப் படித்துத் தேறிய துறை, தன் பயிற்சிகளையும் அந்த விதியில் வைத்தே நிறுத்துப் பார்க்க வேண்டும். வேறு அளவுகோல் தேட வேண்டியதில்லை.

இந்த மதிப்பீட்டுக்குத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரைக் (போடி) களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. நகரில் பொது நூலகம், ஏலத்தோட்டக்காரர் சங்கத்தின் பெயரைத் தாங்கிய கல்லூரி, 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி; மேற்கே முந்தல், குரங்கணி, கொட்டகுடி என்று மலையடியிலும் சரிவிலும் சிற்றூர்கள். நூலக வகைகள் பலவும் இணைய வசதியின் ஏற்ற இறக்கங்களும் ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதைவிட முக்கியமானது, இந்த ஊரின் தலையாய வணிகமே ஒரு கருவி மாற்றத்தைக் கடந்து வந்திருக்கிறது என்பது. அதைப் பின்னர் பார்ப்போம்.

எடைபோட வேண்டிய முயற்சிகள் மூன்று. முதலாவது, உலகெங்கும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்ட 'இருபத்துமூன்று விஷயங்கள்' என்ற திட்டம். 2006இல் வட கரோலினாவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் வகுத்தது. ஒன்பது வாரங்களில் இருபத்துமூன்று சிறு பணிகள்: வலைப்பூ தொடங்குவது, ஃபிளிக்கரில் படம் பார்ப்பது, செய்தியோடைகளைத் திரட்டுவது, டெலிஷியஸில் சுட்டிகளைக் குறித்துவைப்பது, விக்கியில் எழுதிப் பார்ப்பது, லைப்ரரிதிங்கில் தம் நூல்களை அடுக்குவது என்று போகும். வகுப்பறை கிடையாது. அவரவர் வேகத்தில் செய்து, செய்ததைத் தம் வலைப்பூவில் எழுதிவைக்க வேண்டும். முடித்தவருக்கு எம்பி3 பிளேயர் பரிசு. படைப்பாக்கப் பொது உரிமத்தில் வெளியிட்டதால் ஆஸ்திரேலியாவின் யாரா பிளென்டி நூலகம் தொடங்கிப் பல நாட்டு நூலகங்கள் அதை எடுத்தாண்டன.

இதன் சிறப்பு முறைமையில் இருக்கிறது. பணியாளரைத் தானாகக் கற்கவல்ல முதிர்ந்த மனிதராக அது மதித்தது. தவறுவதற்கு இடம் கொடுத்தது. கற்றதற்கான சான்றைக் கற்றவரே எழுதும்படி செய்தது. வருகைப்பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். குறை, அலகில் இருக்கிறது. கருவியே அலகு என்றால் கருவியோடு பாடமும் சாகும். அந்தப் பணிகளில் இடம்பெற்ற டெக்னோராட்டியின் வலைப்பூ அட்டவணை 2014இல் நின்றது. டெலிஷியஸ் 2017இல் கைமாறி முடங்கியது. கற்பித்தது கருவியை அன்று, தயக்கமின்மையை என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் இருபத்துமூன்றில் எந்தப் பணியும் வாசகர் ஒருவரின் கேள்வியிலிருந்து தொடங்கவில்லை. இந்தக் குறைக்கு அந்த வாதம் விடையாகாது.

தமிழ் நூலகத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. ஆங்கில விசைப்பலகை கையோடு வரும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட திட்டம் அது. இங்கே முதல் படியே விசைப்பலகைதான். 1999இல் தமிழ்99 வகுக்கப்பட்டது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இருந்தும் ஒருங்குறி அல்லாத பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டிப் பழகிய கைகள் ஏராளம். அப்படித் தட்டிய நூற்பட்டியலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். பல ஆண்டு உழைப்பு அந்தக் கோப்புகளுக்குள் அடைபட்டிருக்கிறது. இதை மீட்பது எந்தப் பயிற்சியின் பாடத்திட்டத்திலும் முதல் பாடமாக இருக்க வேண்டியது.

இரண்டாவது முயற்சி, கோஹா பயிற்சிப் பட்டறைகள். நியூசிலாந்தின் ஹொரொவெனுவா என்ற சிறு மாவட்டத்து நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய, நூற்பட்டியலைக் கையாளும் மென்பொருள் அது. பழைய மென்பொருள் புத்தாயிரத்தைத் தாண்டாது என்ற நெருக்கடியில் பிறந்தது. இலவசமாக உலகுக்கு விடப்பட்டது. பெருநகரத்தின் தேவைக்காகப் பிறக்காத கருவி என்பதால், போடி போன்ற ஊருக்கு இது அளவாகவே பொருந்தும். பட்டறைகளின் பெருஞ்சிறப்பு, அவை சரியான பொருளைத் தேர்ந்தன என்பது. நூலகத்தின் உயிர்நாடி பட்டியல்தான். வலைப்பூ இல்லாமல் நூலகம் இயங்கும். பட்டியல் பழுதானால் அலமாரியில் இருக்கும் நூலும் இல்லாததாகிவிடும்.

ஆனால் இரண்டு மூன்று நாள் பட்டறையில் பெரும்பொழுது லினக்ஸ் நிறுவுவதிலும் மென்பொருளை ஏற்றுவதிலும் போய்விடுகிறது. கிளை நூலகர் அதைத் தம் பணிக்காலத்தில் ஒருமுறைகூடச் செய்யப்போவதில்லை. அவர் நாள்தோறும் செய்ய வேண்டிய தமிழ்ப் பட்டியலாக்கம் கடைசி அமர்வுக்குத் தள்ளப்படுகிறது. இதன் விளைவை ஒரு நூலை வைத்துப் பார்க்கலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வந்திருக்கிறது. கோஹாவிலிருந்தே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பதிவைச் சில நொடியில் இறக்கிக்கொள்ளலாம். இதைப் பட்டறையில் செய்து காட்டும்போது அனைவருக்கும் வியப்புதான். இறங்கிய பதிவில் தலைப்பு ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருக்கும். 'செல்வன்' என்பதன் முதலெழுத்து அந்த முறைப்படி 'சி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். னகரத்துக்கு அடிக்கோடிட்ட 'என்' வரும். நம் வாசகர் 'எஸ்' போட்டுத் தட்டுகிறார், அல்லது தமிழிலேயே தட்டுகிறார். இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: நூல் இல்லை. நூலோ அவருக்குப் பின்னால் உள்ள அலமாரியில் இருக்கிறது.

இதைச் சரிசெய்ய அறிய வேண்டியவை மிகச் சில. மார்க் எனும் கணினிப் பட்டியல் வடிவத்தில் அமைந்த பதிவின் 245ஆம் புலத்தில் தலைப்பைத் தமிழெழுத்தில் இட்டு, ரோமன் வடிவத்தை இணையான 880ஆம் புலத்துக்கு மாற்றுவது. கோஹாவின் தேடுபொறியான ஜீப்ராவைப் பன்மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு அட்டவணையாக்கத்துக்கு மாற்றச் சொல்லி மென்பொருளைப் பராமரிப்பவரிடம் கேட்பது; அதில்லாமல் தமிழ்த் தேடலை நம்ப முடியாது. 'கி. ராஜநாராயணன்', 'கி.ரா.', 'இராஜநாராயணன்' என மூன்று விதமாகத் தேடினாலும் ஒரே ஆசிரியரிடம் கொண்டுசேர்க்கும் பெயர்க் கட்டுப்பாட்டுப் பதிவை எழுதுவது. அரைநாளில் சொல்லிக்கொடுக்கலாம், ஒரு மாதம் செய்தால் கைவந்துவிடும். பட்டறைகளின் பொருள் தேர்வுக்கு முழு மதிப்பெண் தரும் நான், அவற்றின் நேரப் பகுப்புக்குப் பாதிகூடத் தர மாட்டேன்.

மூன்றாவது, கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் 2010 முதல் இதை நடத்துகிறது. சிறிய ஆண்டுக் கட்டணத்தில் மலையடிவாரக் கல்லூரி மாணவருக்கும் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் திறந்தன. எட்டாதிருந்ததை எட்டச்செய்த வகையில் மூன்றிலும் இதுவே பெருஞ்சாதனை. ஆனால் நூலகர் இதில் கற்றது பெரும்பாலும் கணக்குத் திறப்பதை மட்டுமே. மாணவர் பட்டியலை ஏற்றுவது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வழங்குவது, கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வரும்போது சந்தா இருப்பதற்குச் சான்று காட்டுவது. தேடக் கற்றுக்கொடுப்பது எங்கும் கட்டாயமாகவில்லை.

ஏலச்செடியின் அழுகல் நோயைப் பற்றி ஒரு தாவரவியல் மாணவி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் அதன் பெயர் அழுகல். அந்தச் சொல்லை மட்டும் வைத்து ஆய்விதழ்க் கிடங்குகளில் தேடினால் கைக்கு வருவது சொற்பம். காய் அழுகலுக்கான ஆங்கிலப் பெயரும், நோயை உண்டாக்கும் 'பைட்டாப்தோரா'வின் பெயரும், 'எலட்டேரியா கார்டமோமம்' என்ற செடியின் அறிவியல் பெயரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். மலைமுகட்டுக்கு அப்பால் மைலாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே நடந்த ஆய்வு போடி மாணவிக்கு எட்டாமல் போவதற்கு இந்தச் சொற்பாலம் இல்லாததுதான் காரணம். அதைக் கட்டுவது நூலகரின் தொழிற்கலை. என்-லிஸ்ட் அதற்குரிய பொருளைக் கொடுத்தது, கலையைக் கொடுக்கவில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டமும் முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. பொருள் பெருகப் பெருகக் கலையின் பற்றாக்குறைதான் பெரிதாகத் தெரியும்.

இப்போது, முன்பு சொன்ன கருவி மாற்றத்துக்கு, ஏலக்காய் வணிகத்துக்கு வருவோம். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. ஒரு காலத்தில் வாய்விட்டுக் கூவிக் கேட்டார்கள். இன்று வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து விசையில் விலை கேட்கிறார்கள். திரையில் எண் ஏறுகிறது. மாதிரிக் காய்களை மட்டும் முன்போலவே கையில் கொட்டிப் பார்க்கிறார்கள்: நிறம், பருமன், உடைத்தால் மணம். தலைமுறைகளாகக் கூவிப் பழகிய வணிகம் கருவியை ஏற்றது எப்படி என்பது கூர்ந்து பார்க்கத்தக்கது. மாறியது ஒரே ஒரு செயல். அது வேலையின் நடுவிலேயே மாறியது. தொழில்நுணுக்கம் எதுவோ அதைக் கருவி தொடவில்லை. நூலகப் பயிற்சிகளில் இந்த மூன்றும் ஒருசேர அமைந்ததில்லை. பல செயல்களை ஒரே நேரத்தில், அன்றாட வேலையோடு இணைக்காமல், எது நுணுக்கம் எது இயந்திரப் பணி என்று பிரிக்காமல் கற்பித்தார்கள்.

ஒப்பீட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வியாபாரி தவறினால் அன்றைக்கே பணம் போகும். தவறு தன்னைத் தானே அறிவித்துவிடும். நூலகர் தவறவிட்ட வாசகர் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். ஆகவே நூலகத்தில் அந்த அறிவிப்பை நாமே உண்டாக்க வேண்டும். விடை தர முடியாமல் போன கேள்விகளை எழுதிவைக்கும் ஒரு நோட்டு போதும். மாதக் கடைசியில் அதைப் புரட்டினால், எந்தக் கருவியை அடுத்து கற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பயிற்சிக்கு முந்தைய நோட்டையும் பிந்தைய நோட்டையும் ஒப்பிட்டால் பயிற்சியின் மதிப்பும் தெரிந்துவிடும்.

முறையும் பொருளும் சரியாக அமைந்தாலும் நேரம் என்ற கேள்வி மிஞ்சும். சார்லட் ஊழியர் பணிநேரத்தில் கற்றார்; மேசையில் இன்னொருவர் இருந்தார். தமிழகத்தின் ஊர்ப்புற நூலகம் ஓராள் நூலகம். அவர் பயிற்சிக்குத் தேனிக்கோ மதுரைக்கோ போனால் நூலகம் பூட்டிக் கிடக்கும். சார்லட்டில் பணியாளரைப் பயிற்றத் தொடங்கிய அதே 2006இல், இங்கே அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் தொடங்கி ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுப்பியது. நோக்கம் உயர்ந்தது, வீச்சு பெரியது. பயிற்சி பெற்ற ஆள் இல்லாததால் பல கட்டடங்கள் பின்னர் பூட்டப்பட்டன. கட்டடத்துக்கும் நூலுக்கும் ஒதுக்கீடு வைத்து ஆளின் நேரத்துக்கு வைக்காத பழக்கம் அன்று தொடங்கியதன்று, இன்னும் முடியவுமில்லை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டும் மக்கள், அந்த வரியில் ஒரு பங்கு பணியாளரின் கற்கும் நேரத்துக்குப் போக வேண்டும் என்று கேட்க உரிமை உடையவர்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வாசகர் சேவையிலிருந்து விடுவித்து, அந்த நேரத்துக்கு வாசகர் வட்டத்தார் ஒருவரை மேசையில் அமர்த்தினால் பூட்டும் தேவை வராது.

என் தீர்ப்பு இது. முறைமையில் சார்லட் முதலிடம் பெறுகிறது, பொருள் தேர்வில் கோஹா பட்டறை, பரப்பில் என்-லிஸ்ட். நான்காம் விதியின்முன் தனித்து நிறுத்தினால் மூன்றும் தேறவில்லை. சொந்த நூலகத்தின் பட்டியலை, சொந்த வேகத்தில், பணிநேரத்துக்குள் தமிழில் சரிசெய்யக் கற்கும் திட்டம் ஒன்றுதான் தேறும். அதற்கு வேண்டியவை மூன்று முயற்சிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைக் கற்பிக்கும் வகுப்புகள் இப்போது வரத் தொடங்கிவிட்டன. அவை 2006இன் பிழையையே மறுபடி செய்கின்றன: கருவியை நடுவில் வைக்கின்றன. இக்கருவிகள் இல்லாத நூலுக்கும் தலைப்பும் ஆசிரியரும் பதிப்பாண்டும் சொல்லக்கூடியவை. அப்படிச் சொன்ன ஒரு நூலைக் கேட்டு மாணவர் மேசைக்கு வரும்போது, அது உண்மையா என்று சரிபார்க்க நூலகரிடம் இருப்பது பட்டியல். 'பொன்னியின் செல்வ'னையே காட்டத் தெரியாத பட்டியலை வைத்துக்கொண்டு அவர் எதை மறுப்பார், எதை உறுதிசெய்வார்? தேனி மாவட்டத்தில் அடுத்த பயிற்சிக்குப் பணம் ஒதுக்கப்படும்போது முதல் மாதம் முழுவதும் 245ஆம் புலத்துக்கே போகட்டும்.